லேக் மார்க்கெட்டிலிருந்து ஜப்பானியக் கோயில் வரை

கொல்கத்தாவுக்கு வரும் தமிழ் நண்பர்கள் விக்டோரியா நினைவு மண்டபம், காளிகாட், தக்ஷிணேஸ்வரம், பேலூர் மடம் என்று ஒரு பட்டியலோடு வருவார்கள். எல்லாவற்றையும் பார்த்துவிட்டு அலுத்துப்போய்த் திரும்புவார்கள். அந்தப் பயணத்தில் ஒரு நாளைத் தெற்குக் கொல்கத்தாவின் லேக் மார்க்கெட்டுக்கு ஒதுக்குங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வதுண்டு. சந்தை, ஏரி, ஏரிப்பக்கம் ஒரு ஜப்பானிய பௌத்தக் கோயில், பழைய புத்தகக் கடைகள், டீக்கடை என எல்லாவற்றுக்கும் நடந்தே போய்விடலாம். மூன்று நான்கு பேர் பேசிக்கொண்டே சுற்ற இதைவிடத் தோதான பகுதி இந்த ஊரில் வேறு இல்லை என்பது என் எண்ணம்.

காளிகாட் மெட்ரோவில் இறங்கி ராஷ்பிஹாரி அவென்யூவில் கிழக்கே நடந்தால் பத்து நிமிடத்தில் லேக் மார்க்கெட் வந்துவிடும். பழைய மாநகராட்சிச் சந்தை நின்ற இடத்தில் இப்போது லேக் மால் இருக்கிறது. ஆனால் பூவும் காய்கறியும் சுற்றுத் தெருக்களை விட்டுப் போகவில்லை. காலையிலேயே போய்விடுங்கள். கட்டுக்கட்டாக வாழையிலை, முருங்கைக்காய், கறிவேப்பிலை, சாம்பார் வெங்காயம், தொடுத்த பூ எல்லாம் அப்போதுதான் புதிதாக இருக்கும். வாழைப்பூ விற்பவர் முன்னால் ஒரு நிமிடம் நின்று பாருங்கள். வாங்க வருபவர்களில் பாதிப் பேர் வங்காளிகள். அவர்கள் வீட்டில் அது உருளைக்கிழங்கும் தேங்காயும் சேர்ந்த கொண்டோ ஆகும், நம் வீட்டில் பருப்பு உசிலி ஆகும். ஆனால் கள்ளன் நீக்கி ஆய்ந்தெடுக்கும் வேலை இரண்டு வீட்டிலும் ஒன்றுதான்.

தமிழர்கள் குடியிருக்க ஏன் இந்த இடத்தைத் தேர்ந்தார்கள் என்று நண்பர்கள் கேட்பார்கள். அதற்கான பதில் ஏரியில் இருக்கிறது. இந்தப் பக்கமெல்லாம் முன்பு சதுப்பும் புதருமாகக் கிடந்தது. கல்கத்தா மேம்பாட்டு அறக்கட்டளை 1920களில் ஏறத்தாழ 192 ஏக்கர் நிலத்தைக் கையகப்படுத்தி ஏரி வெட்டியது. சுற்றியிருந்த தாழ்நிலத்தை மேடாக்கியது, சாலை போட்டது, மனை பிரித்தது. புதுத் தெருக்களில் வாடகை வீடுகள் எழுந்தன. டல்ஹவுசி சதுக்கத்து வணிக நிறுவனங்களிலும் அரசு அலுவலகங்களிலும் கணக்கராகவும் சுருக்கெழுத்தராகவும் வேலை பார்த்த தென்னிந்தியக் குடும்பங்கள் அங்கே குடிவந்தன. வாசலிலேயே டிராம் போனது. குடும்பங்கள் வந்தபின் வாழையிலையும் காப்பிப்பொடியும் வராமலா இருக்கும்? அந்த டிராம்தான் இப்போது முடிவுக்கு வந்துவிட்டது. மைதானப் பகுதியில் ஒரு பாரம்பரியத் தடத்தை மட்டும் வைத்துக்கொள்ளப்போவதாக மாநில அரசு 2024இல் அறிவித்தது. எனக்கு அதில் வருத்தம்தான்.

காலைச் சிற்றுண்டிக்குக் கோமள விலாஸ், ராமகிருஷ்ணா லஞ்ச் ஹோம், பனானா லீஃப் என்று பெயர்பெற்ற இடங்கள் இருக்கின்றன. தோசை தின்ன இவ்வளவு தூரம் வரவேண்டுமா என்று கேட்காதீர்கள். வங்காளக் குடும்பங்கள் இட்லியையும் வடையையும் தங்கள் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடாகவே ஆக்கிக்கொண்டதை இங்கேதான் பார்க்க முடியும்.

அங்கிருந்து தெற்கே சதர்ன் அவென்யூவைக் கடந்தால் ஏரி. டாக்கூரியா ஏரி என்று வழங்கிவந்ததற்கு 1958இல் ரவீந்திர சரோவர் என்று பெயர் வைத்தார்கள். நீர்ப்பரப்பு மட்டும் 73 ஏக்கர். 1858இல் தொடங்கிய கல்கத்தா ரோயிங் கிளப்பின் படகுகளைக் காலை வேளையில் பார்க்கலாம். ஏரி நடுவே தீவில் ஒரு மசூதி இருக்கிறது. ஏரி வெட்டுவதற்கு முன்பிருந்தே இருப்பதால் அதைத் தொடாமல் சுற்றி வெட்டினார்கள். 1926இல் கட்டிய தொங்குபாலம் தீவைக் கரையோடு இணைக்கிறது. நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை வெயில் இதமாக இருக்கும், வலசைப் பறவைகளும் வரும்.

மதியம் சாப்பிட்டபின் கோல்பார்க் போய் நடைபாதைப் புத்தகக் கடைகளைத் துழாவலாம். மாலை ஆனதும் டாக்கூரியா பக்கம் உள்ள நிப்போன்சான் மியோஹோஜி கோயிலுக்கு வந்துவிடுங்கள். பலர் இதைத் தெரியாமலே தாண்டிப் போகிறார்கள். நாளின் சிறந்த பகுதி இதுதான் என்பேன். நிச்சிதத்சு ஃபுஜீ என்ற ஜப்பானியத் துறவி கட்டிய கோயில் இது, ஆண்டு 1935. பௌத்தம் பிறந்த மண்ணுக்கே அதைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்ற வேட்கையோடு 1931இல் அவர் கல்கத்தா வந்து இறங்கினார். 1933இல் வார்தாவில் காந்தியைச் சந்தித்தார். அவருடைய சங்கத்தினர் ஓதும் மந்திரம் பின்னர் காந்தியின் ஆசிரமப் பிரார்த்தனையிலும் இடம்பெற்றது. ஹிரோஷிமாவில் குண்டு விழுந்த 1945 ஆகஸ்ட் 6 அவருடைய அறுபதாவது பிறந்தநாள். அதன்பின் உலகெங்கும் அமைதித் தூபிகள் கட்டுவதையே பணியாகக் கொண்டார். பீகாரின் ராஜ்கிரில் 1969இல் திறந்த தூபியும் அவற்றில் ஒன்று. தமிழ்நாட்டில் சங்கரன்கோவில் பக்கத்தில் வீரிருப்பு கிராமத்திலும் அதே சங்கத்துத் துறவிகள் ஒரு தூபி கட்டியிருக்கிறார்கள்.

பூஜை நேரத்தில் முரசு அடித்தபடி 'நா மு மியோ ஹோ ரெங் கே கியோ' என்று திரும்பத் திரும்ப ஓதுவார்கள். தாமரைச் சூத்திரத்தின் பெயரை வணங்கும் ஏழே அசைகள். கையில் பிடிக்கும் முரசு விசிறி மாதிரி இருக்கும்: வட்டச் சட்டத்தில் இழுத்துக் கட்டிய ஒற்றைத் தோல், கீழே ஒரு கைப்பிடி. அசைகளோடு சேர்ந்து அடிப்பார்கள். முதலில் ஒரே மாதிரி கேட்கும், சற்றுப் பொறுத்தால் காலே தாளம் போடத் தொடங்கிவிடும். செருப்பைக் கழற்றிவிட்டு ஓரமாக உட்காருங்கள். படம் எடுப்பதானால் முதலில் துறவியிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

திரும்பும்போது நடக்கத் தெம்பில்லை என்றால் கரியாஹாட்டிலிருந்து ராஷ்பிஹாரிக்குப் ஷேர் ஆட்டோ கிடைக்கும். லேக் மார்க்கெட்டில் இறங்கி ஜனக் ரோட்டில் ராதுபாபு கடையைக் கேளுங்கள், யாரும் காட்டிவிடுவார்கள். அங்கே டீயும் கவிராஜி கட்லெட்டும் சொல்லுங்கள். கட்லெட்டைச் சுற்றி முட்டை நூல் நூலாகப் பொரிந்து வலைபோல் நிற்கும், ஆறுவதற்குள் சாப்பிட்டுவிட வேண்டும். சைவம் சாப்பிடுபவர்கள் டீயோடு நிறுத்திக்கொண்டு இரவுக்கு ராஷ்பிஹாரி அவென்யூவில் உள்ள நம் ஓட்டல்களுக்கே போய்விடலாம்.