வகையறிந்து நூல் தேடுவோம்

முன்னுரை

ஓதுமாறு பணித்த கட்டளையையே முதல் இறைவெளிப்பாடாகப் பெற்ற சமுதாயம் நம் சமுதாயம். ஆதலின் நூலைப் போற்றுதல் நமக்குப் புதிதன்று. ஆயினும் நூலைப் போற்றுதல் வேறு. நூலைத் தேடுதல் வேறு. நம் கல்லூரிகளில் தமிழ் பயிலும் மாணவரிடம் இஸ்லாமியத் தமிழ் நூல் ஒன்றன் பெயரை வினவின், பெரும்பாலோர் சீறாப்புராணம் என்பர். மற்றொன்று கூறுமாறு வினவின், சிலர் குணங்குடியார் பாடல்கள் என்பர். மூன்றாவது வினாவிற்கு விடை அரிதாகி விடுகிறது. நானூறு ஆண்டுகளுக்கு மேல் தொடர்ந்து வளர்ந்த ஓர் இலக்கியப் பரப்பு இரண்டு பெயர்களுள் அடங்கிவிடுவது ஏன்?

பாடத்திட்டத்தில் இடம்பெற்ற நூலை நாம் அறிகிறோம். நூல்களின் வகைகளை அறிவதில்லை. ஒரு வகை எதற்காகத் தோன்றிற்று, யார் அதனை ஓதினர், எப்பொழுது ஓதினர் என்பதை அறிந்தவர்க்கே அவ்வகை நூல்கள் இருக்கும் இடம் புலப்படும். நூலைக் கண்டவர்க்கே அதன் ஆசிரியரும் புலப்படுவார். இக்கருத்தை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எட்டுச் செய்யுளும் ஐயாயிரம் செய்யுளும்

இன்று நாம் அறிந்த இஸ்லாமியத் தமிழ் நூல்களுள் மிகப் பழையதாகக் கருதப்படுவது பல்சந்தமாலை. முழு நூல் கிடைத்திலது. ஆசிரியர் பெயரும் தெரிந்திலது. களவியற்காரிகை என்னும் அகப்பொருள் இலக்கணத்திற்கு உரை கண்டவர் எட்டுச் செய்யுட்களை மேற்கோளாக எடுத்தாண்டார். அதனால் அவ்வெட்டு மட்டும் பிழைத்தன. பேராசிரியர் எஸ். வையாபுரிப் பிள்ளை அந்நூலைப் பதிப்பித்தபோது அவை அறிஞர் பார்வைக்கு வந்தன.

இதனோடு சீறாப்புராணத்தின் வரலாற்றை ஒப்பிட்டு நோக்குவோம். உமறுப் புலவர் மூன்று காண்டங்களில் 5,027 செய்யுட்களாக இயற்றிய அக்காப்பியம் நெடுங்காலம் ஏட்டிலேயே வழங்கி வந்தது. புலவர் நாயகம் எனப் போற்றப்பெறும் செய்கு அப்துல் காதிறு நெயினார் லெப்பை ஆலிம், ஏடுகளைத் தேடித் தொகுத்து 1842இல் அதனை அச்சேற்றினார். உரையாசிரியர் ஒருவர் மேற்கோள் காட்டியமையால் எட்டுச் செய்யுள் எஞ்சிற்று. புலவர் ஒருவர் தேடியமையால் ஐயாயிரம் செய்யுள் எஞ்சிற்று. மேற்கோள் காட்டுவாரும் தேடுவாரும் இன்றி மறைந்தவை எத்துணையோ? ஏடு தேடிய அவ்வாலிம் தாமும் புதூகுஷ்ஷாம், குத்பு நாயகம், திருக்காரணப் புராணம், திருமணிமாலை என நான்கு காப்பியங்கள் இயற்றினார். அவற்றின் பெயரையேனும் அறிந்த மாணவர் எத்தனை பேர் என்பதும் சிந்திக்கத்தக்கது.

பெயரின் ஈற்றில் உள்ள திறவுகோல்

இஸ்லாமியத் தமிழ் நூல்களுள் பலவற்றின் வகை, பெயரின் இறுதிச் சொல்லிலேயே அமைந்துள்ளது. மசலா, கிஸ்ஸா, நாமா, முனாஜாத்து என்பன அரபு, பாரசீக மொழிகளின் வழித் தமிழுக்கு வந்தவை. படைப்போர் என்பது தமிழ்ப் பெயராயினும் நம் புலவர்கள் தனிவகையாக வளர்த்தது.

மசலா என்னும் அரபுச் சொல் வினாவைக் குறிக்கும். முழுமையாகக் கிடைத்த இஸ்லாமியத் தமிழ் நூல்களுள் காலத்தால் முந்தியதாகக் கொள்ளப்படும் ஆயிர மசலா இவ்வகையினதே. வண்ணப் பரிமளப் புலவர் இயற்றிய இந்நூல் 1572இல் மதுரையில் அரங்கேறியது. யூத அறிஞராகிய அப்துல்லாஹ் இப்னு ஸலாம் வினவ, நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் விடை பகர்வதாக இது அமைந்துள்ளது. இதே நூற்பொருள் மலாய், சாவக மொழிகளிலும் வழங்குவதை ரொனிட் ரிச்சி என்னும் ஆய்வாளர் தம் 2011ஆம் ஆண்டு நூலில் மூன்று மொழிகளையும் ஒப்பிட்டு விளக்கியுள்ளார். மதுரையில் அரங்கேறிய நூலின் உறவினரைக் கடல் கடந்தும் காண முடிகிறது என்பது நமக்குப் பெருமை தருவதாகும். நூறு மசலா, வெள்ளாட்டி மசலா என்பனவும் இவ்வகையைச் சார்ந்தவை. பின்னதில் அறிவிற் சிறந்த அடிமைப் பெண்ணொருத்தி கற்றோர் வினாக்களுக்கு விடையிறுக்கிறாள்.

நாமா என்பது பாரசீகச் சொல். நூல் அல்லது வரலாறு என்னும் பொருளது. இங்கு ஓர் எச்சரிக்கை தேவைப்படுகிறது. நூறு மசலா என்பதில் உள்ள 'நூறு' தமிழ் எண்ணுப் பெயர். நூறு நாமா என்பதில் உள்ள 'நூறு' ஒளியைக் குறிக்கும் 'நூர்' என்னும் அரபுச் சொல். இரண்டையும் ஒன்றெனக் கொண்டு நூற்பட்டியலைப் புரட்டுவோர், நபிகளாரின் பேரொளியைப் பற்றிய நூலை எண்ணிக்கை நூலாகக் கருதிக் கடந்து விடுவர். வகைப் பெயரின் மூலத்தை அறிதல் எத்துணை இன்றியமையாதது என்பதற்கு இஃது ஒன்றே சான்றாகும்.

கிஸ்ஸா என்பது கதை. யூசுபு நபி கிஸ்ஸா, சைத்தூன் கிஸ்ஸா போன்றவை இல்லங்களில் ஒருவர் படிக்கப் பலர் சூழ்ந்திருந்து கேட்டவை. முனாஜாத்து என்பது அடியான் தன் இறைவனிடம் தனித்து உரையாடுதல். நோய், கடன், கடற்பயணம், மழையின்மை ஆகிய ஒவ்வோர் இடரிலும் இவ்வகைப் பாடல் தோன்றியது. அளவிற் சிறிய இவை சிறுசிறு திரட்டுகளாக அச்சாகி, வணிகரோடும் கப்பலோடும் ஊர் ஊராகச் சென்றன. 1872இல் சிங்கப்பூரில் அச்சாகிய முனாஜாத்துத் திரட்டு, அந்நகரில் அச்சான மிகப் பழைய தமிழ் நூல்களுள் ஒன்றாகும். முனாஜாத்தைத் தேடுவோர் தமிழகத்து நூலகங்களோடு நில்லாது கடல் கடந்த துறைமுக நகரங்களையும் நாடவேண்டும் என்பது இதனால் விளங்கும்.

படைப்போர் நூல்கள் இஸ்லாமிய வீரர்தம் போர்ச் செயல்களைப் பாடுவன. வரிசை முகைதீன் புலவரின் சக்கூன் படைப்போர் 1686இல் தோன்றியது. பரணி முதலிய போர்ப்பாடல்களில் தோய்ந்த தமிழ்ச் செவிக்கு இவ்வகை அயலாகத் தோன்றவில்லை. வரலாற்றைக் காட்டிலும் கற்பனையே இவற்றில் மிகுதி என்பது உண்மை. எனினும் வரலாறன்று என்பதனாலேயே இலக்கியமும் அன்று எனத் தள்ளிவிடுதல் முறையாகாது.

தமிழ் மரபில் நின்ற வகைகள்

வந்த வகைகளை ஏற்றதோடு, இருந்த வகைகளையும் நம் புலவர்கள் கைவிட்டாரல்லர். மாலை, அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், கும்மி, சிந்து, தாலாட்டு, நொண்டி நாடகம் ஆகிய அனைத்திலும் அவர்கள் பாடினர். ஆலிப்புலவரின் மிஃராஜ் மாலை 1590இல் கோட்டாற்றில் அரங்கேறியது. காயல்பட்டினத்துக் காசிம் புலவர் சந்தம் செறிந்த திருப்புகழ் பாடினார். மணப்பெண்ணுக்கு அறிவுரை கூறும் பெண்புத்தி மாலை மகளிர் கையில் நெடுநாள் வழங்கியது.

ஓர் ஆசிரியரை ஒரே வகைக்குள் அடைத்துவிடுவதும் பிழையே. நாகூர் குலாம் காதிறு நாவலர் (1833–1908) நாகூர்க் கலம்பகம், நாகூர்ப் புராணம், ஆரிபு நாயகம் முதலிய செய்யுள் நூல்களை இயற்றினார். பொருத்த விளக்கம் என்னும் இலக்கண நூலையும் இயற்றினார். அவரே ரெயினால்ட்ஸ் என்னும் ஆங்கில நாவலாசிரியரின் நூலைத் தழுவி உமறு பாட்சா யுத்த சரித்திரத்தையும் எழுதினார். கலம்பகம் தேடுவோர்க்குப் புலவராகவும், இலக்கணம் தேடுவோர்க்கு நாவலராகவும், நாவல் தேடுவோர்க்கு மொழிபெயர்ப்பாளராகவும் ஒருவரே காட்சி தருகிறார்.

ஞானப் பாடல்களின் நிலையும் ஈண்டுக் கருதத்தக்கது. தக்கலைப் பீர்முகம்மது அப்பாவின் ஞானப்புகழ்ச்சி அவர் அடங்கிய இடத்தில் ஆண்டுதோறும் கூட்டாகப் பாடப்பட்டு வருகிறது. பாடுவோர் இருப்பதால் அந்நூல் உயிரோடிருக்கிறது. குணங்குடி மஸ்தான் சாகிபு மீது திருத்தணிகைச் சரவணப்பெருமாள் ஐயர் நான்மணிமாலை பாடினார். சமய எல்லை கடந்த அவ்வன்பே குணங்குடியாரைத் தமிழுலகம் மறவாதிருக்கத் துணைநின்றது. ஆனால் கீழக்கரை ஆசியா உம்மா, தென்காசி ரசூல் பீவி, இளையான்குடி கச்சிப் பிள்ளையம்மாள் ஆகிய பெண்பாற் புலவர்களின் ஞானப் பாடல்களை ஓதுவார் அரியர். அப்பெயர்கள் வகுப்பறையிலும் ஒலிப்பதில்லை.

வேறெழுத்தில் மறைந்த தமிழ்

தேடுவோர் கண்ணுக்கு எளிதில் தப்பிவிடும் பகுதி அரபுத்தமிழ் நூல்களாகும். அரபு எழுத்துக்களோடு, தமிழுக்கே உரிய ஒலிகளுக்காகப் புள்ளிகள் இட்டு மாற்றிய எழுத்துக்களையும் சேர்த்துத் தமிழை எழுதிய முறை இது. கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) இம்முறையில் மார்க்கச் சட்டமும் பாடலும் கதையும் எழுதினார். இத்துறையை விரிவாக ஆராய்ந்து தைக்கா சுஐபு ஆலிம் 1993இல் ஆங்கிலத்தில் பெருநூல் ஒன்றை வெளியிட்டார். தமிழ் எழுத்தைப் பயிலாத மகளிரும், மதரஸாவில் அரபு எழுத்தைக் கற்றிருந்தமையால் இந்நூல்களை ஓத இயன்றது.

இங்கு ஓர் இடர் உளது. அரபு எழுத்துள்ள பழந்தாள்கள் காலில் மிதிபடலாகாது என்னும் மரியாதையால், சிதைந்தவற்றை மண்ணில் புதைப்பதும் நீரில் விடுவதும் நம் வழக்கம். வழக்கம் நன்றே. ஆனால் அத்தாள்களுள் அரபுத்தமிழ் நூலும் இருத்தல் கூடும். படிக்கத் தெரிந்தவர் குறைந்துவரும் இந்நாளில், மூதாட்டி ஒருவர் மறைந்தபின் அவர்தம் பெட்டியிலிருந்த கட்டுகளை, அரபு என்று கருதி வணக்கத்தோடு புதைத்துவிடுகிறோம். அவற்றோடு தமிழும் புதைகிறது. பகையால் அழிந்த நூல்களைப் பற்றி உலகம் பேசும். பக்தியால் அழியும் நூல்களைப் பற்றிப் பேசவேண்டியவர் நாமே.

உரைநடையும் புதினமும்

பழமை மட்டுமே நம் செல்வம் என எண்ணுவதும் பொருந்தாது. பிரதாப முதலியார் சரித்திரம் அச்சான 1879ஐ அடுத்து ஆறே ஆண்டுகளில், கண்டியைச் சேர்ந்த சித்திலெவ்வையின் அசன்பே சரித்திரம் 1885இல் வெளிவந்தது. தமிழின் தொடக்க காலப் புதினங்களுள் ஒன்றாகிய அதன் கதை எகிப்தில் தொடங்குகிறது. நாகூரைச் சேர்ந்த சித்தி ஜுனைதா பேகம் 1938இல் 'காதலா? கடமையா?' என்னும் புதினத்தை வெளியிட்டார். அதற்கு முன்னுரை வழங்கியவர் டாக்டர் உ.வே. சாமிநாதையர். சங்க நூல்களைத் தேடி வாழ்நாளைச் செலவிட்ட பெருமகனார், இஸ்லாமியப் பெண்மணி ஒருவரின் புதினத்தையும் படித்து வாழ்த்தினார் என்பது வகை பேதம் பாராத வாசிப்பிற்கு நல்லதோர் எடுத்துக்காட்டு. இவ்வழியில் பின்னர்த் தோப்பில் முஹம்மது மீரான் 'ஒரு கடலோர கிராமத்தின் கதை' தந்தார். 'சாய்வு நாற்காலி' அவருக்கு 1997இல் சாகித்திய அகாதெமி விருதைப் பெற்றுத்தந்தது. கவிக்கோ அப்துல் ரகுமான் 1974இல் 'பால்வீதி' வாயிலாகப் புதுக்கவிதையில் தம் தடம் பதித்தார்.

செய்யத்தக்கன

தேடும் மாணவர்க்குச் சில கருத்துக்கள் கூறுவோம். முதலாவது, நூலின் பெயரை மட்டும் கேளாது, "உங்கள் வீட்டில் எதை ஓதுவார்கள்? திருமணத்தில் என்ன பாடினார்கள்? மவ்லிது நாட்களில் என்ன படித்தார்கள்?" என்று பெரியோரைக் கேட்டல் வேண்டும். 'கிஸ்ஸா இலக்கியம் உண்டா' எனின் இல்லையென்பர். 'யூசுபு நபி கதை படித்ததுண்டா' எனின் பெட்டியைத் திறப்பர்.

இரண்டாவது, ஒரே பெயர் பலவாறு எழுதப்பெறும் என்பதை மறத்தலாகாது. முகைதீன், முகியித்தீன், முஹ்யித்தீன் என்பனவும், செய்கு, சேகு, ஷெய்கு என்பனவும் ஒன்றே. ஒரு வடிவத்தில் இல்லையெனக் கண்டு அட்டவணையை மூடிவிடுதல் கூடாது.

மூன்றாவது, முன்னோர் இட்ட பாதையைப் பயன்கொள்ளல் வேண்டும். ம.மு. உவைஸ், பீ.மு. அஜ்மல்கான் ஆகியோர் எழுதி மதுரை காமராசர் பல்கலைக்கழகம் 1986 முதல் தொகுதி தொகுதியாக வெளியிட்ட இஸ்லாமியத் தமிழ் இலக்கிய வரலாறு, இவ்வகைகளுக்கெல்லாம் வழிகாட்டி நூலாகும். சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்திலும், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும், இலங்கை நூலகம் நிறுவனத்தின் எண்ணிமத் தொகுப்பிலும் பழம்பதிப்புக்கள் பல காணக்கிடக்கின்றன. இன்று கைப்பேசியிலேயே அவற்றைத் திறந்து படிக்க இயலும்.

பெரியோர்க்கு நாம் வைக்கும் வேண்டுகோள் ஒன்றே. பழங்கட்டு எதனையும் புதைக்குமுன், நீரில் விடுமுன், படிக்கத் தெரிந்த ஆலிம் ஒருவரிடமோ தமிழாசிரியர் ஒருவரிடமோ காட்டுங்கள். நூலைக் கொடுக்கவும் வேண்டா. படமெடுக்க ஒரு நாள் இசைந்தாற் போதும்.

முடிவுரை

வினவுவோர்க்கு மசலா, கேட்போர்க்குக் கிஸ்ஸா, இறைஞ்சுவோர்க்கு முனாஜாத்து, பாடுவோர்க்கு ஞானப்புகழ்ச்சி எனத் தேவைதோறும் ஒரு வகை தோன்றியது. பயன்பாடு நின்றபோது நூலும் மறைந்தது. எனவே பயன்பாட்டின் தடம் பிடித்துச் செல்வோர்க்கே மறைந்த நூல் தென்படும். அரபுத்தமிழை ஓதத் தெரிந்த முதியோர் இன்னும் சிலர் நம் ஊர்களில் வாழ்கின்றனர். அவர்கள் அருகில் அமர்ந்து கேட்கும் வாய்ப்பு அடுத்த தலைமுறைக்கு இராது. இவ்விடுமுறையில் ஊர் செல்லும் மாணவர் ஒவ்வொருவரும் ஒரு முதியவரை அணுகி, ஒரு நூலின் பெயரைக் குறித்து வருவாராயின், நம் துறையின் அட்டவணையில் அந்நூலுக்கும் அதன் ஆசிரியருக்கும் ஓர் இடம் உறுதியாகும். வல்ல இறைவன் அம்முயற்சிக்குத் துணை நிற்பானாக!