பாட்டைப் பகிர்ந்தது யார்? பெயரைக் கேட்கும் உரிமை யாருக்கு?

2002-இல் அமெரிக்க இணையச் சேவை நிறுவனமான வெரைசனுக்கு ஓர் ஆணை வந்தது. உங்கள் வாடிக்கையாளர் ஒருவர் 'கசா' எனும் கோப்புப் பகிர்வு மென்பொருள் வழியாக 600-க்கும் மேற்பட்ட பாடல்களை அனுமதியின்றிக் கைமாற்றியிருக்கிறார், அவர் பெயரைக் கொடுங்கள் என்றது ஆணை. கேட்டது இசைப்பதிவு நிறுவனங்களின் சங்கமான ஆர்ஐஏஏ. வெரைசன் மறுத்தது; விவகாரம் நீதிமன்றத்துக்குப் போனது.

ஐபி எண் சொல்வது என்ன?

கசாவில் பாடல்கள் அவரவர் கணினியிலேயே இருந்தன. யாரும் அவற்றைத் தேட முடிந்ததால், இசை நிறுவனங்களும் தேடின. கிடைத்தது இணைய இணைப்பை அடையாளம் காட்டும் ஐபி எண் மட்டுமே. அது எந்தச் சேவை நிறுவனத்துக்கு உரியது என்பது தெரிந்துவிடும். அந்த நேரத்தில் எந்த வாடிக்கையாளரிடம் இருந்தது என்பது நிறுவனத்தின் பதிவேட்டுக்குத்தான் தெரியும். அந்தப் பதிவேடும் இணையக் கட்டணம் கட்டுபவரைத்தான் காட்டும். கணினி முன் உட்கார்ந்தது அவரா, பிள்ளையா, விருந்தாளியா என்று சொல்லாது.

எழுத்தர் முத்திரை போதுமா?

1998-இல் வந்த டிஎம்சிஏ எனும் அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டத்தின் 512(எச்) பிரிவு பதிப்புரிமையாளருக்குக் குறுக்குவழி ஒன்றைத் தந்தது. வழக்கே தொடுக்காமல், நீதிமன்ற எழுத்தரிடம் மனு கொடுத்தால் ஆணை கிடைத்துவிடும். நீதிபதி பார்க்க வேண்டியதில்லை. இது வெரைசனையும் கட்டுப்படுத்தும் என்று 2003 ஜனவரியில் மாவட்ட நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இப்படிப் பெயர்களைப் பெற்று, அந்த ஆண்டு செப்டம்பரில் இசை நிறுவனங்கள் 261 பேர் மீது வழக்குத் தொடுத்தன. சட்டப்படி ஒரு பாட்டுக்குக் குறைந்தது 750 டாலர் இழப்பீடு. வேண்டுமென்றே மீறியிருந்தால் 1,50,000 டாலர் வரை போகலாம். நியூயார்க்கில் 12 வயதுச் சிறுமி ஒருத்தியும் சிக்கினாள். அவள் வீட்டார் 2,000 டாலர் கட்டிச் சமரசம் செய்தார்கள். மாசசூசெட்ஸில் பாட்டி ஒருவர் ராப் பாடல்களைப் பகிர்ந்ததாக வழக்கு. அவரிடம் இருந்ததோ மேக் கணினி. கசா அதில் ஓடவே ஓடாது. வழக்கைத் திரும்பப் பெற்றார்கள்.

திருப்பம்

2003 டிசம்பர் 19-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் வெரைசன் பக்கம் நின்றது. அந்தரங்க உரிமை பற்றிய கேள்விக்குள் அது போகவில்லை. சட்டத்தின் வாசகத்தையே பார்த்தது. திருட்டுப் பாடலைத் தன் சர்வரில் வைத்திருக்கும் நிறுவனத்துக்குத்தான் இந்தக் குறுக்குவழி பொருந்தும். வெறுமனே தரவைக் கடத்தும் நிறுவனத்துக்கு அல்ல என்றது.

அதன்பின் இசை நிறுவனங்கள் பெயர் தெரியாதவர்கள் மீது 'ஜான் டோ' என்று வழக்குப் போட்டு, நீதிபதியின் அனுமதியோடு பெயர் கேட்டன. பெரும்பாலும் கிடைக்கவும் செய்தது. ஆனால் இப்போது கேள்வி கேட்க நீதிபதி என்று ஒருவர் இருந்தார். கனடாவில் 29 பேரின் பெயர்களைக் கேட்டபோது, ஆதாரம் போதாது என்று 2004-இல் கூட்டாட்சி நீதிமன்றம் மறுத்தது. 2005-இல் மேல்முறையீட்டிலும் அந்த மறுப்பு நிலைத்தது. 2008 இறுதியில் ஆர்ஐஏஏ இப்படிக் கூட்டமாக வழக்குப் போடுவதையே கைவிட்டது.

பாட்டை உருவாக்கியவருக்குக் கூலி கிடைக்க வேண்டும். அதில் மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் குற்றம் சாட்டுபவர் கேட்டதாலேயே ஒருவரின் பெயரும் முகவரியும் கைமாறக் கூடாது. ஆதாரத்தை நீதிபதி பார்க்க வேண்டும்; வாடிக்கையாளருக்கு முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும்; மறுத்துப் பேச அவருக்கு அவகாசம் வேண்டும். பாட்டுக்கு மட்டுமல்ல, இணையத்தில் நாம் படிப்பதற்கும் பேசுவதற்கும் இதே பதிவேடுதான் சாட்சி.