தண்ணீரில் மிதக்கும் பஞ்சு

ஒரு டம்ளரில் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். காட்டில் எடுத்துக் கொட்டை நீக்கிய பஞ்சில் ஒரு சிட்டிகை, மருந்துக்கடைப் பஞ்சில் ஒரு சிட்டிகை, இரண்டையும் மெல்ல அதில் போடுங்கள். மருந்துக்கடைப் பஞ்சு மளமளவென்று அமிழ்ந்துவிடும். 10 விநாடிக்குள் அமிழவேண்டும் என்பது அதற்கு விதித்திருக்கும் தரம். காட்டுப் பஞ்சோ நனையவே மனமில்லாமல் மிதந்துகொண்டிருக்கும். அதையே எடுத்து நல்லெண்ணெய்க் கிண்ணத்தில் போட்டால் மறுபேச்சில்லாமல் குடிக்கும்.

காரணம் மெழுகு. பருத்தி இழை ஒவ்வொன்றும் விதைத்தோலிலிருந்து நீண்டு வளர்ந்த ஒரே ஒரு செல். அதில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் செல்லுலோஸ்தான். மேலே மட்டும் மிக மெல்லிய மெழுகுப் பூச்சு. எடையில் நூற்றில் ஒரு பங்கு தேறினால் பெரிது. அந்தப் பூச்சு தண்ணீரை விரட்டும், எண்ணெயோடு உறவாடும். ராஜபாளையத்துக்குப் பக்கத்தில் சத்திரப்பட்டியில் நெய்கிற பேண்டேஜ் துணியானாலும் சரி, மருந்துக்கடைப் பஞ்சானாலும் சரி, காரத்தில் வேகவைத்து மெழுகைப் போக்கி வெளுத்தால்தான் ரத்தத்தையும் சீழையும் உறிஞ்சும். விளக்குத் திரிக்கு அந்தச் செலவெல்லாம் வீண். பழுப்பேறிய நிறத்தில் இருக்கும் வெளுக்காத பஞ்சே போதும்.

எந்தப் பஞ்சு என்று என்னைக் கேட்டால், கருங்கண்ணி என்பேன். கோவில்பட்டிக் கரிசலின் சொந்தப் பிள்ளை அது. 1901இல் தொடங்கிய கோவில்பட்டி வேளாண் ஆராய்ச்சி நிலையம் இந்த மானாவாரிப் பருத்தியைத் தேர்ந்தெடுத்து, ‘கே’ என்ற எழுத்தோடு எண் சேர்த்து வரிசையாக ரகங்கள் தந்தது. மழை பொய்த்தாலும் தாக்குப்பிடிக்கும் செடி. ஆனால் மில்களுக்கு அதன்மேல் பிரியம் குறைவு. இழை குட்டை, போதாததற்கு மொத்தம். நைசான நூல் இழுக்க வராது. கம்போடியாப் பருத்தியும் அதற்குப் பின் வந்த நீள இழை ரகங்களும் கருங்கண்ணியை ஓரங்கட்டியது இதனால்தான்.

திரிக்கு இந்தக் குறைதான் லாபம். நைசான இழை எண்ணெயில் ஊறியதும் துவண்டு ஒன்றோடொன்று படிந்துவிடும். மொத்த இழை கொஞ்சம் முரடு. விறைத்து நிற்கும், நடுவில் சந்து விடும். காய் வெடித்து உலரும்போது பருத்தி இழை, தண்ணீர் வடிந்த ரப்பர் குழாய்போலத் தட்டையாகி முறுக்கிக்கொள்கிறது. அதனால் எந்த இரண்டு இழையும் பக்கத்தில் பக்கத்தில் முழுக்க ஒட்டிப் படுப்பதில்லை. எண்ணெய் ஏறுவது பெரும்பாலும் இழைக்குள்ளே அல்ல, இழைகளுக்கு இடையே கிடக்கும் அந்தச் சந்துகளில்.

சந்து குறுகக் குறுக எண்ணெய் உயரம் ஏறும். ஆனால் குறுகிய வழியில் வரத்து சொற்பம். எனவே இறுக்கித் திரித்தால் சுடர் நோஞ்சானாக இருக்கும். தளர விட்டால் எண்ணெய் அளவுக்குமீறி வந்து புகை கக்கும், மாடமெல்லாம் கரி. விரலில் துளி விபூதி தொட்டுக்கொண்டு உள்ளங்கையில் உருட்டும் பாட்டிமார், நூல்போல் இறுகாமலும் பஞ்சுபோல் பிரியாமலும் நிறுத்துவது இந்த நடுவாந்திரத்தில்தான். திரிப்பதால் அதற்குத் திரி என்று பேர்.

ஏறும் வேகத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. 1918இல் லூகாஸ், 1921இல் வாஷ்பர்ன் என்ற இரு ஆய்வாளர்கள் தனித்தனியே கண்டது: இரு மடங்கு தூரம் ஏற நான்கு மடங்கு நேரம். எண்ணெய் மட்டம் இறங்கினால் சுடர் மங்குவது இதனால்தான். விளக்கெண்ணெய் நல்லெண்ணெயைவிடப் பத்து மடங்குக்கு மேல் கெட்டி; மெல்லத்தான் நகரும். மண்ணெண்ணெய் தண்ணீர்போல ஓடும். திரி ஸ்டவ்வில் சாண் நீளத் திரி தாக்குப்பிடித்தது அந்த இளக்கத்தால். குத்துவிளக்கில் அவ்வளவு உயரத்துக்கு நல்லெண்ணெயை ஏற்ற முயன்றால் சுடர் நிற்காது.

இதே சங்கதி காலுக்கடியிலும் நடக்கிறது. கரிசலின் நுண்ணிய துளைகள் வழியே அடியீரம் மேலேறி வெயிலில் ஆவியாகும். பயிருக்கிடையே மேல்மண்ணை லேசாகக் கிளறிப் புழுதியாக்கினால் அந்த வழி அறுந்து, ஈரம் கீழேயே தங்கும். சம்சாரி செய்வது திரியை நறுக்குகிற வேலை!

எரிவது பஞ்சல்ல, நுனியில் ஆவியாகும் எண்ணெய். ஊற்று நிற்காதவரை நுனி அவ்வளவாகச் சூடேறாது. எண்ணெய் தட்டினால்தான் பஞ்சு கருகும். கருகிய நுனியைத் தட்டிவிட்டுத் திரியை முன்னே தள்ள ஒரு குச்சி வேண்டுமே, அதுதான் தூண்டுகோல். இன்றைக்கு மேடையில் பேசுகிறவர்கள் எல்லாரும் யாருக்காவது தூண்டுகோலாக இருந்துவிடுகிறார்கள். விளக்கடியில் கிடந்த அந்தக் குச்சியைத்தான் காணோம்.

மின்சிகரெட்டுக்குள் இருப்பதும் இதே பஞ்சுதான் என்றால் பலர் நம்பமாட்டார்கள். சுருட்டிய மின்கம்பிக்குள் பஞ்சைச் செருகியிருப்பார்கள். கிளிசரின், நிகோட்டின் கலந்த திரவத்தை அது இழுத்துத் தர, சூடான கம்பி அதை ஆவியாக்கும். அந்தத் திரவம் எண்ணெய் அல்ல, தண்ணீரோடு கலக்கிற இனம். ஆகவே அங்கே மெழுகு நீக்கிய பஞ்சுதான் எடுபடும். இறுக்கி அடைத்தால் வரத்து குறைந்து பஞ்சு கருகும், தொண்டை எரியும். தளர அடைத்தால் ஒழுகும். பாட்டி உருட்டிய திரியின் அதே சிக்கல். பஞ்சு எவ்வளவு சுத்தமானாலும் நெஞ்சுக்குள் போவது நிகோட்டின். இந்தியாவில் 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி அந்தக் கருவியைச் செய்வதும் விற்பதும் இறக்குமதி செய்வதும் குற்றம். முதல் தடவைக்கே ஓராண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

விளக்குத் திரிக்கு வருவோம். பூஜைக்கடையில் பளீரென்று வெள்ளையாகத் தொங்குவதெல்லாம் நல்ல திரி என்றில்லை. வாங்கியதில் ஒன்றைப் பிரித்து, எண்ணெய் தொடாமல் நெருப்பில் காட்டுங்கள். காகிதம் எரிந்த வாடையடித்து, தொட்டால் உதிரும் சாம்பலானால் பருத்தி. உருகிச் சுருண்டு கறுப்பு மணியாக இறுகினால், உள்ளே பாலியஸ்டர் கலந்திருக்கிறது.