கூட்டாஞ்சோறு: சொல்லும் சமையல் வரிசையும்

முன்னுரை

திருநெல்வேலி வட்டாரத்தில் விழாக் காலங்களிலும் உறவினர் கூடும் நாள்களிலும் ஆக்கப்படும் உணவு கூட்டாஞ்சோறு. அரிசி, துவரம்பருப்பு, பலவகைக் காய்கள், முருங்கைக்கீரை, புளி, அரைத்த மசாலை ஆகியன ஒரே பானையில் வெந்து உருவாவது இது. சிறுவர்கள் வீடுதோறும் அரிசியும் பருப்பும் பெற்றுவந்து சேர்ந்து சமைத்துண்பதும் இப்பெயராலேயே வழங்குகிறது. பொருள்களின் சேர்க்கையையும் மக்களின் சேர்க்கையையும் ஒருங்கே குறிக்கும் இப்பெயர், சமையல் முறையோடு கொண்டுள்ள உறவை இக்கட்டுரை விளக்குகிறது.

சொல்லமைப்பு

கூட்டு + ஆம் + சோறு எனப் பிரிப்பின், மகரமெய் சகரத்தின் முன் ஞகரமாய்த் திரிந்து கூட்டாஞ்சோறு என்றாயிற்று எனக் கொள்ளலாம். ‘கூடு’ தன்வினை, ‘கூட்டு’ அதன் பிறவினை. ‘கூட்டு’ பெயராகவும் நின்று, பருப்பும் காயும் சேர்த்தாக்கும் தொடுகறியையும் பலர் சேர்ந்து நடத்தும் தொழிலையும் குறிக்கிறது. எனவே, இவ்வுணவுப் பெயரின் இரு பொருளும் அடிச்சொல்லிலேயே உள்ளவை.

கலத்தல், பிசைதல், கூட்டுதல்

புளியோதரை, எலுமிச்சைச் சோறு போன்ற சித்திரான்னங்களில், தனியே வடித்து ஆறவைத்த சோற்றுடன் தாளிதம் கலக்கப்படுகிறது. தயிர்ச்சோறு பிசையப்படுகிறது. இவ்விரண்டிலும் சேர்க்கை நிகழ்வது சோறு வெந்த பின்னரே. கூட்டாஞ்சோற்றிலோ வேகும்போதே சேர்க்கை நிகழ்கிறது. இதனோடு ஒப்பிடத்தக்க கன்னட நாட்டுப் பிசிபேளே பாத் என்னும் பெயர், சூடு, பருப்பு, சோறு என்பவற்றைச் சுட்டுகிறது. தமிழ்ப் பெயர் செயலைச் சுட்டுகிறது.

சமையல் வரிசை

2 பங்கு அரிசிக்கு 1 பங்கு பருப்பு கொள்வது ஓர் அளவு. வேக நேரம் பிடிக்கும் பருப்பு முதலில் அரைவேக்காடு பெறுகிறது. அடுத்து அரிசியும், வாழைக்காய், கொத்தவரங்காய், முருங்கைக்காய் ஆகியனவும் இடப்படுகின்றன. விரைவில் குழையும் கத்தரிக்காய் அவற்றின் பின்னரே சேர்கிறது. காய்கள் முக்கால் பதம் வெந்த பிறகு புளிக்கரைசலும், தேங்காய், சீரகம், மிளகாய் வற்றல், சின்ன வெங்காயம் சேர்த்தரைத்த விழுதும் ஊற்றப்படுகின்றன. புளியின் அமிலம் பருப்பும் காயும் மென்மையடைவதைத் தடுக்கும். முன்னரே ஊற்றினால் பருப்பு விறைத்து நிற்கும். கீரை இறுதியில் சேர்க்கப்படுகிறது. வடகம், கறிவேப்பிலை தாளித்துக் கொட்டுதலோடு சமையல் நிறைவுறும்.

இவ்வரிசையால் சோறு குழைந்தும் காய் உருக்குலையாதும் அமைகிறது. ஒவ்வொரு பொருளும் தனக்குரிய நேரத்தில் வந்து சேர்வதையே இங்குக் கூட்டுதல் என்னும் வினை உணர்த்துகிறது.

முடிவுரை

அனைத்தையும் ஒருசேர அழுத்தக் கொப்பரையில் இட்டு ஆக்கும் இன்றைய வழக்கில் கத்தரிக்காய் கரைந்து மறைகிறது. பெயர் நிலைத்திருக்க, அது குறித்த செயல்முறை நழுவுகிறது. ‘காய்கறி கலந்த சோறு’ எனப் பொருள் கூறுவதும் கூட்டுதலைக் கலத்தலாக மாற்றிவிடுகிறது. ஆதலின் வட்டார வழக்கு அகராதிக்கும் கள ஆய்வுக்கும் உணவுப் பெயர் திரட்டுவோர், பொருள்களின் பட்டியலோடு அவை பானையில் சேரும் வரிசையையும், அவ்விடத்து வழங்கும் வினைச்சொற்களையும் பதிவுசெய்தல் வேண்டும். வரிசை அறிந்தோர் இருக்கும்போதே இது செய்யத்தக்கது.