கல்லால் கட்டிய பொறிகள்

வன்னியின் காட்டோரக் கிராமங்களில் வாழ்ந்தவர்களுக்குக் கட்டுத்துவக்கும் சுருக்கும் புதியவை அல்ல. விலங்கு வழமையாகச் செல்லும் தடத்தை அறிந்து அதிலே பொறி வைப்பதுதான் இரண்டுக்கும் அடிப்படை. துவக்கோ இரும்போ இல்லாத காலத்தில், சுமார் 9000 ஆண்டுகளுக்கு முன்னர், இதே அறிவைக்கொண்டு மேற்காசியப் பாலைவனங்களில் மனிதர்கள் கல்லால் மாபெரும் பொறிகளைக் கட்டினார்கள்.

1920களில் கெய்ரோவுக்கும் பக்தாத்துக்கும் இடையே தபால் கொண்டு பறந்த பிரித்தானிய விமானிகள், இன்றைய யோர்தானின் கருங்கல் வெளியில் இவற்றை வானிலிருந்து கண்டனர். வால் கட்டிய பட்டம் போலத் தெரிந்ததால் ‘பட்டங்கள்’ என்றே அழைத்தனர். சவூதி அரேபியா, சிரியா முதல் கசகஸ்தான் வரை 6000க்கும் அதிகமானவை இப்போது செய்மதிப் படங்களில் அடையாளம் காணப்பட்டுள்ளன.

அமைப்பு எளிமையானது. தொலைவில் அகன்று தொடங்கும் இரண்டு கற்சுவர்கள் வரவர நெருங்கி ஓர் அடைப்பில் முடியும். சில சுவர்கள் 5 கிலோமீற்றர் வரை நீளும். பெரும்பாலும் அவை உயரமானவை அல்ல. ஆனாலும் விரட்டப்படும் மான்கூட்டம் சுவரைத் தாண்டாமல், அதன் ஓரமாகவே ஓடும். அடைப்பின் விளிம்பில் குழிகள் இருக்கும். சில 4 மீற்றர் ஆழமானவை. தப்பும் வழி என்று பாயும் மான் அதற்குள்தான் விழும்.

2023 இல் வெளியான ஆய்வொன்று என்னை வியக்கவைத்தது. யோர்தானிலும் சவூதியிலும் இப்பொறிகளின் வடிவத்தை அளவுப் பிரமாணத்தோடு செதுக்கிய கற்கள் கிடைத்துள்ளன. விமானிகள் வானிலிருந்து கண்ட வடிவத்தை, ஒருபோதும் பறந்திராத மனிதர்கள் மனதிலேயே கண்டு வரைந்திருக்கிறார்கள்.

கட்டியவருக்கு முழு வடிவமும் தெரிந்திருந்தது. ஓடிய மானுக்குத் தெரிந்தது பக்கத்துச் சுவர் மட்டுமே. இதை வாசித்தபோது எனக்கு 2009 நினைவுக்கு வந்தது. நாளுக்கு நாள் ஒடுங்கிய நிலத்தில், அடுத்த தறப்பாள் எங்கே கட்டலாம் என்பதற்கு அப்பால் எமது சனத்துக்கு எதுவும் தெரிந்திருக்கவில்லை.

யோர்தானில் பொறிகளுக்கு அருகே வேட்டைக்காரர் தங்கிய இடங்களைத் தோண்டியபோது மான் எலும்புகள் பெருமளவில் கிடைத்தன. செதுக்கிய கற்கள் பொறி கட்டியவர்களைப் பற்றியே சொல்கின்றன. உள்ளே அகப்பட்டவற்றுக்கு அந்த எலும்புகள்தான் சாட்சி. மானால் பேச முடியாது. மனிதரால் முடியும். உள்ளே நடந்தவர்கள் இருக்கும்போதே அவர்கள் நடந்த பாதையை எழுதிவைக்க வேண்டும்.