உங்களுக்குத் தெரியுமா? கொடுவாவுக்கும் தடுப்பூசி உண்டு!

திண்டிவனத்துக்குக் கிழக்கே மரக்காணம் போன்ற உவர்நீர்ப் பகுதிகளில் வளர்க்க ஏற்ற மீன் கொடுவா. நன்னீர், உவர்நீர், கடல்நீர் மூன்றிலும் இது வளரும். சென்னையிலுள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் 1997இல் இதைப் பொரிப்பகத்தில் இனப்பெருக்கம் செய்தது.

நோடா வைரஸ் கொடுவாக் குஞ்சின் மூளையையும் விழித்திரையையும் தாக்கும். குஞ்சு நிலைதடுமாறி, சுழன்று சுழன்று நீந்தி மடியும். இதைத் தடுக்க அதே நிறுவனம் உருவாக்கியதுதான் ‘நோடாவாக்-ஆர்’ தடுப்பூசி. பொதுவாக, மீனை மயக்கமருந்து கலந்த நீரில் விட்டு, துள்ளல் அடங்கிய பிறகே ஊசி போடுவார்கள்.

மீன் தடுப்பூசியின் பலனுக்கு ஓர் உதாரணம்: நார்வேயில் சால்மன் மீனுக்குத் தடுப்பூசி பரவலானபின், 1987இல் உச்சத்திலிருந்த ஆன்டிபயாடிக் பயன்பாடு 99 சதவீதத்துக்கு மேல் குறைந்தது.

ஊசி மட்டும் போதாது. பெரிய கொடுவா சிறியதை விழுங்கிவிடும் என்பதால் குஞ்சுகளை அளவுவாரியாகப் பிரித்து வளர்க்க வேண்டும். நெரிசலும் ஆக்சிஜன் குறைவும் தீனி எடுப்பதைக் குறைத்து வளர்ச்சியைக் கெடுக்கும்.

இறாலின் கதை வேறு. மீனைப்போல் அதன் உடலில் ஆன்டிபாடி உருவாகாததால், இத்தகைய தடுப்பூசி பலிக்காது. நோயற்ற குஞ்சும் சுத்தமான குளத்துநீருமே அதற்குக் காப்பு.