ஒரு லட்சம் கேட்டு ஆறு டாலர் கட்டியவர்

1990-ல் நியூசிலாந்து அரசு அலைவரிசை உரிமங்களை ஏலம் விட்டது. மூடிய உறைக்குள் விலை எழுதித் தர வேண்டும். அதிகம் எழுதியவருக்கே உரிமம். ஆனால் அவர் கட்ட வேண்டியது, இரண்டாவதாக வந்தவர் எழுதிய தொகை. காகிதத்தில் நல்ல விதிதான். எதிராளியின் கணக்கை ஊகிக்காமல், மனதில் உள்ள மதிப்பை அப்படியே எழுதிவிடலாம்.

நடந்தது வேறு. ஒரு லட்சம் டாலர் கேட்ட நிறுவனம் 6 டாலர் கட்டிவிட்டு உரிமத்தை வாங்கிப் போனது. 70 லட்சம் கேட்ட இன்னொன்று கட்டியது 5,000. ஒரு கல்லூரி மாணவர் 1 டாலர் எழுதிப் போட்டார். போட்டிக்கு ஆளே இல்லை; தொலைக்காட்சி உரிமம் சும்மாவே கிடைத்தது! இத்தனைக்கும் குறைந்தபட்ச விலை என்று ஒன்றை அரசு வைத்திருந்தாலே போதும்.

1994-ல் அமெரிக்கா உஷாரானது. பால் மில்குரோம், ராபர்ட் வில்சன் போன்ற பொருளியல் அறிஞர்கள் வகுத்த முறையில் எல்லா உரிமங்களும் ஒரே நேரத்தில், சுற்றுச் சுற்றாக ஏலத்துக்கு வந்தன. ஒன்றின் விலை ஏறினால் அடுத்ததற்குத் தாவலாம். கேட்காமல் பதுங்கியிருந்தால் தகுதி குறையும். முதல் ஏலத்தில் 10 உரிமங்களுக்கு 61 கோடி டாலருக்கு மேல் வந்தது. இருவருக்கும் 2020-ல் நோபல் பரிசு.

ஆனாலும் கணக்கு முடியவில்லை. ஒரே பொருளை விற்க, அதிக வருமானம் தரும் ஏலம் எது என்பதை பொருளியல் அறிஞர் ரோஜர் மயர்சன் 1981-லேயே காட்டிவிட்டார். பொருள் இரண்டாகிவிட்டால், எல்லாச் சூழலுக்கும் பொருந்தும் சூத்திரம் இன்றுவரை யாரிடமும் இல்லை.